அத்திரியின் தாய்

நற்றிணையின் 278-ஆம் பாடலில் உலோச்சனார் ஒரு விலங்கின் குளம்பை மிக அருகில் காட்டுகிறார். நெய்தல் நிலத் தலைவன் ஏறி வந்த விலங்கு அது. "கழிச்சேறு ஆடிய கணைக்கால் அத்திரி குளம்பினும் சேயிறா ஒடுங்கின" என்று தோழி தலைவியிடம் சொல்கிறாள். உப்பங்கழியின் சேற்றை மிதித்து வந்த, திரண்ட காலையுடைய அத்திரியின் குளம்பிலே சிவந்த இறால்கள் சிக்கி ஒடுங்கிக் கிடக்கின்றன. தலைவன் அணிந்த மாலையெங்கும் காற்று வாரி இறைத்த வெண்மணல் படிந்திருக்கிறது. எவ்வளவு கடினமான வழியைக் கடந்து அவன் வந்திருக்கிறான் என்பதை அந்தக் குளம்பே சொல்லிவிடுகிறது. காதலனின் வருகைக்கு விலங்கின் காலைச் சான்றாக நிறுத்திய இந்தப் பாட்டின் மீது எனக்கு நெடுநாளாகவே தனிப் பிரியம் உண்டு.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கலப்பு விலங்கே அத்திரி. இன்று அதைக் கோவேறு கழுதை என்கிறோம். வேசரி என்ற பெயரும் இலக்கிய வழக்கில் உண்டு. அத்திரி என்னும் சொல்லுக்கு முனிவர், மலை என வேறு பொருள்களும் இருக்கின்றன என்றாலும், இத்தகைய இடங்களில் உரைகாரர்கள் கோவேறு கழுதை என்றே பொருள் கொள்கிறார்கள். சங்கப் பாடல்களில் இது நெய்தல் நிலத்து வண்டியிழுக்கும் விலங்காகவும் ஏறிச் செல்லும் விலங்காகவும் வருகிறது. அகநானூற்றின் 120-ஆம் பாடலில் கழியில் வாழும் சுறா தாக்கியதால் காலில் புண்பட்ட அத்திரி நடை தளர்ந்து நிற்கிறது. அதைக் காரணமாக வைத்தே தோழி, இந்த இரவு எங்கள் ஊரில் தங்கிச் சென்றால் என்ன குறைந்துவிடும் என்று தலைவனைக் கேட்கிறாள். 350-ஆம் பாடலில் அது மணி கட்டிய நெடுந்தேரில் பூட்டும் விலங்காக வருகிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் கோவலனும் மாதவியும் புகாரின் கடற்கரைக்குக் கிளம்பும்போது "வான வண்கையன் அத்திரி ஏற" என்று இளங்கோவடிகள் எழுதுகிறார். மாதவி வண்டியில் ஏறுகிறாள். புகாரின் பெருஞ்செல்வ வணிகனான கோவலன் அத்திரியின் மேல் ஏறுகிறான். ஆக, அன்றைய அத்திரி ஏழையின் பொதிவிலங்கு அன்று. வசதியுள்ளவன் பெருமையாக ஏறிச் சென்ற விலங்கு.

ஏன் அப்படி என்று எண்ணிப் பார்த்தால், இந்த விலங்கைப் பற்றிய முதன்மையான உண்மை ஒன்று புலப்படுகிறது. கழுதை அன்றைய தமிழகத்தில் அரிய விலங்கு அன்று. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதிகளைச் சுமந்துகொண்டு கழுதைச் சாத்துகள் பெருவழிகளில் செல்கின்றன. புறநானூற்றின் 15-ஆம் பாடலில் வென்ற மன்னன் பகைவரின் தெருக்களைக் கழுதை பூட்டிய ஏரால் உழுகிறான். குதிரையோ கடல் கடந்து வந்தது. "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி" என்று பட்டினப்பாலை புகார்த் துறைமுகத்தில் இறங்கிய பொருள்களின் வரிசையிலேயே அதைச் சொல்கிறது. அத்திரி வேண்டுமென்றால், கப்பலில் வந்த விலையுயர்ந்த பெண் குதிரை ஒன்றின் கருப்பையை ஏறத்தாழ ஓராண்டுக் காலத்துக்கு ஒரு கழுதையின் குட்டிக்காக ஒதுக்க வேண்டும். இல்லையென்றால், பிறர் அப்படி ஒதுக்கி உருவாக்கியதை விலை கொடுத்து வாங்க வேண்டும். நெய்தல் தலைவனின் அத்திரி இங்கே பிறந்ததா, கலத்தில் வந்து இறங்கியதா என்பதைப் பாடல்கள் சொல்லவில்லை. எப்படியாயினும் அதற்குப் பின்னால் எவரோ ஒருவர் தெரிந்தே எடுத்த முடிவும், விட்டுக்கொடுத்த ஒரு குதிரைக் குட்டியும் இருந்திருக்க வேண்டும்.

இந்த முடிவை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டியிருப்பதுதான் இவ்விலங்கின் தனித்தன்மை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. கலப்புக் குட்டி தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பாதிப் பாதியைப் பெறுவதால் அதற்கு 63 அமைகிறது. உடல் வளர்வதற்கும் உழைப்பதற்கும் இந்த ஒற்றைப்படை எண் தடையாக இருப்பதில்லை. ஆனால் விந்தணுவோ சினைமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து பிரிய வேண்டும்; எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல், அமைப்பும் மாறுபட்டிருப்பதால் அந்த இணைசேர்ப்பு குலைந்துபோகிறது. ஆகவே அத்திரிக்குப் பரம்பரை இல்லை. பெண் அத்திரி குட்டி ஈன்ற மிக அரிய நிகழ்வுகள் உண்மையாகவே பதிவாகியுள்ளன; 1984-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒன்று அவ்வாறு ஈன்றது, மரபணுச் சோதனையிலும் அது உறுதி செய்யப்பட்டது. ஆனால் அத்தகைய விதிவிலக்குகளை நம்பி எவரும் மந்தை வளர்க்க முடியாது. 2003-இல் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் குளோனிங் முறையில் ஓர் அத்திரிக் குட்டியைப் பிறக்கச் செய்தார்கள். குதிரைக் குடும்பத்தில் குளோனிங் வழியே பிறந்த முதல் விலங்கு அதுதான். தன் இனத்தைத் தானாகப் பெருக்க இயலாத விலங்கே அந்த வரிசையில் முதலிடம் பிடித்தது எனக்கு மிகுந்த வியப்பளித்தது.

இதுவரை ஒரு பக்கத்தை மட்டுமே சொன்னேன். ஆண் குதிரையையும் பெட்டைக் கழுதையையும் சேர்த்தாலும் குட்டி பிறக்கும், அதற்கும் 63 குரோமோசோம்கள்தான், அதுவும் மலடுதான். ஆனாலும் அது வேறு விலங்கு. உரோமானியர்கள் முதல் வகையை மூலுஸ் என்றும் இரண்டாவதை ஹின்னுஸ் என்றும் பிரித்தே வழங்கினார்கள். வேளாண்மை பற்றி எழுதிய வர்ரோ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியிருக்கிறார். பிரெஞ்சு மொழியில் முதலாவது மியூலே, இரண்டாவது பார்தோ. ஆங்கிலத்தில் மியூல், ஹின்னி. சீனமொழியில் வழங்கும் பெயர்களே என் மனத்துக்கு மிகவும் பொருத்தமாகப் படுகின்றன. அங்கே கலப்பு விலங்கின் பொதுப்பெயர் லுவோ. பெண் குதிரை ஈன்றது மாலுவோ, அதாவது குதிரை லுவோ. பெட்டைக் கழுதை ஈன்றது லுயிலுவோ, அதாவது கழுதை லுவோ. ஈன்றவள் எவளோ அவளுடைய பெயரே முன்னால் நிற்கிறது. நம் மொழியில் இரண்டாவது வகைக்கு நிலைபெற்ற தனிப்பெயர் ஏதும் வழக்கில் இல்லாததால், இரண்டையும் கோவேறு கழுதை என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிடுகிறோம்.

சீனர்கள் தாயைக் கொண்டு பெயரிட்டது வெறும் வழக்கம் மட்டும் அன்று என்று நான் கருதுகிறேன். இரு வகைகளுக்குமிடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு தாயிடமிருந்தே வருகிறது. பெண் குதிரையின் கருப்பை பெரியது. அதில் வளரும் குட்டியும் பெரிதாகப் பிறக்கிறது. பெட்டைக் கழுதையின் சிறிய கருப்பையில் வளர்வது பொதுவாகச் சிறிய உடலோடு பிறக்கிறது. இதற்கும் நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. சில மரபணுக்கள் தந்தையிடமிருந்து வந்தால் மட்டுமே செயல்படும். வேறு சில தாயிடமிருந்து வந்தால் மட்டுமே செயல்படும். குதிரை, கழுதைக் கலப்பினங்களின் நச்சுக்கொடியில் இது எப்படி நிகழ்கிறது என்பதை 2013-இல் வெளியான ஆய்வு விரிவாகக் காட்டியது. ஒரே அளவு குதிரையும் ஒரே அளவு கழுதையும் கலந்தாலும், எது எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

பிறந்த பிறகும் தாயின் பிடி விடுவதில்லை. பெண் குதிரையிடம் பால்குடித்து வளரும் அத்திரி குதிரைகளையே தன் சுற்றமாகக் கருதுகிறது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பாதைகளில் பொதி ஓட்டியவர்கள் இந்தப் பாசத்தைத் தொழிலாகவே மாற்றியிருந்தார்கள். கழுத்தில் மணி கட்டிய ஒரு பெண் குதிரையை முன்னால் நடத்துவார்கள். அதற்கு மாட்ரினா, அதாவது ஞானத்தாய், என்று பெயர். அவள் எங்கே போனாலும் அத்திரிக் கூட்டம் முழுவதும் பின்னால் போகும். இரவில் பல கூட்டங்கள் ஒரே வெளியில் கலந்து மேய்ந்தாலும், காலையில் அவரவர் மாட்ரினாவின் மணியோசை கேட்டதும் அவை தாமாகவே பிரிந்து வந்து சேரும். 1835-இல் அந்த மலைகளைக் கடந்த சார்லஸ் டார்வின் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அறிவு, நினைவாற்றல், பிடிவாதம், கூடி வாழும் அன்பு, உழைக்கும் வலிமை, நெடிய ஆயுள் என எல்லாவற்றிலும் ஒரு கலப்பு விலங்கு தன் பெற்றோர் இருவரையும் விஞ்சி நிற்பதைக் கண்டு அவர் வியந்தார். மனிதரின் செயல்திறம் இங்கே இயற்கையை வென்றுவிட்டதோ என்றும் அவருக்குத் தோன்றியது. பெற்றோரைவிடப் பிள்ளை வலுவாக அமையும் இத்தன்மையையே நம் பள்ளிப் பாடங்கள் கலப்பின வீரியம் என்கின்றன.

இரண்டாவது வகை உலகெங்கும் அரிதாகவே காணப்படுகிறது. ஆண் குதிரை பெட்டைக் கழுதையை எளிதில் ஏற்பதில்லை. சேர்ந்தாலும் கருத்தரிப்பது குறைவு. கிடைக்கும் குட்டியும் சிறியது என்பதால் அதற்காகப் பாடுபடுவோர் சிலரே. முதல் வகையும் தானாக நிகழ்ந்துவிடுவதில்லை. கழுதைகளிடையே வளர்ந்த ஆண் கழுதை, பெண் குதிரையைத் திரும்பியும் பார்க்காது. ஆகவே இத்தொழில் தெரிந்தவர்கள், பொலிகழுதையாக்க நினைக்கும் குட்டியை இளமையிலேயே பிரித்துக் குதிரைக் குட்டிகளோடு சேர்த்து வளர்ப்பார்கள். 1785-இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் அன்பளிப்பாக அனுப்பிய ஆண் கழுதை ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையை வந்தடைந்தபோது, தொடக்கத்தில் அது அங்கிருந்த பெண் குதிரைகள் மீது ஆர்வமே காட்டவில்லை. வாஷிங்டன் பொறுமையாகக் காத்திருந்தார். 1799-இல் அவருடைய பண்ணைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அத்திரிகள் இருந்தன.

பிரான்சின் புவாத்து வட்டாரத்தில் இத்தொழில் பல நூற்றாண்டுகள் நடந்தது. அங்கே அத்திரியை உருவாக்குவதற்காகவே இரண்டு இனங்களைப் பேணினார்கள்: சடைசடையாய் மயிர் தொங்கும் மிகப் பெரிய கழுதையினம் ஒன்று, கனத்த எலும்புகளைக் கொண்ட குதிரையினம் மற்றொன்று. டிராக்டரும் லாரியும் வந்த பின் அத்திரி தேவைப்படவில்லை. 1977-இல் கணக்கெடுத்தபோது அந்தக் கழுதையினத்தில் 44 மட்டுமே எஞ்சியிருந்தன. பிள்ளை வேண்டாம் என்றானபோது பெற்றோரும் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். பின்னர் பெருமுயற்சி எடுத்து அந்த இனத்தை மீட்டிருக்கிறார்கள்.

மனிதர் இப்படித் திட்டமிட்டுக் கலப்பு விலங்குகளை உண்டாக்கத் தொடங்கியது மிகப் பழைய காலத்தில். சிரியாவின் உம் எல்-மர்ரா என்னுமிடத்தில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் செல்வர்களின் கல்லறை வளாகத்தில் புதைக்கப்பட்டிருந்த விலங்குகள், பெட்டைக் கழுதைக்கும் சிரியக் காட்டுக் கழுதைக்கும் பிறந்தவை என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. களிமண் பலகைகளில் பொறித்த பழைய ஆப்பெழுத்துக் குறிப்புகளில் குங்கா என்ற பெயரோடு உயர்விலையில் வரும் விலங்கு இதுவே. வீட்டுக் குதிரை அப்பகுதிக்கு வருவதற்கு முன்பே இது நடந்திருக்கிறது. குதிரை வந்த பின் அத்திரி குங்காவின் இடத்தைப் பிடித்தது. இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டு மக்களின் சட்டத்தில் வண்டியிழுக்கும் குதிரையின் விலை 20 சேக்கல் வெள்ளி என்றும், அத்திரியின் விலை 40 சேக்கல் என்றும் வகுக்கப்பட்டிருக்கிறது. தந்தை கழுதை என்பதால் மதிப்புக் குறைக்கவில்லை. குதிரையைப் போல் இருமடங்கு கொடுத்தார்கள்.

இந்தியாவின் வடமொழி நூல்களிலும் அதே மதிப்பைக் காணலாம். அசுவதரம் என்பது அங்கே வழங்கும் பெயர். சாந்தோக்கிய உபநிடதத்தில் ஜானசுருதி என்னும் அரசன் ரைக்வர் என்னும் ஞானியிடம் அறிவுரை பெறுவதற்காக 600 பசுக்களையும் ஓர் ஆரத்தையும் பெண் அத்திரிகள் பூட்டிய தேரையும் கொண்டுபோகிறான். மலட்டுத்தன்மைக்கும் அவர்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். தேவர்களுக்குள் நடந்த பந்தயத்தில் அக்கினி அத்திரிகள் பூட்டிய தேரை ஓட்டினான் என்றும், ஓட்டிய வேகத்தில் அவற்றின் கருப்பைகளை எரித்துவிட்டான் என்றும், அதனால்தான் அவை கருத்தரிப்பதில்லை என்றும் ஐதரேய பிராமணம் சொல்கிறது. இக்கதையை நான் மிகவும் மதிக்கிறேன். அத்திரியின் மலட்டுத்தன்மையை அதன் குற்றமாகச் சொல்லாமல், அதை ஓட்டியவனின் செயலாகச் சொல்லியிருப்பதே காரணம்.

ஓட்டியவர்களின் செயல்களில் ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. அத்திரிக்கென்றே ஒரு குரல் உண்டு. குதிரையின் கனைப்பைப் போலத் தொடங்கிக் கழுதையின் கத்தலைப் போல முடியும். 1944-இல் பர்மாவில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்புறம் இறங்கிய, சிண்டிட் எனப்பட்ட பிரிட்டிஷ் தரப்புச் சிறப்புப் படையினர் விமானங்களிலும் கிளைடர்களிலும் அத்திரிகளை ஏற்றிச் சென்றார்கள். காட்டுக்குள் அவை கத்தினால் எதிரிக்கு இருப்பிடம் தெரிந்துவிடும் என்று அஞ்சி, முன்னதாகவே அறுவைச் சிகிச்சை செய்து அவற்றின் குரலை நீக்கியிருந்தார்கள். துப்பாக்கிகளையும் கம்பியில்லாத் தந்திக் கருவிகளையும் சுமந்து, வெடியோசைக்கு நடுவே வாயிருந்தும் குரலின்றி அவை நடந்தன.

நான் இவ்விலங்கை அருகிலிருந்து பார்த்தது கேதார்நாத் வழியில். கௌரிகுண்டிலிருந்து மேலே ஏறும் அப்பாதையில் பக்தர்களையும் அரிசி மூட்டைகளையும் எரிவாயு உருளைகளையும் சுமந்து செல்பவற்றில் பெரும்பாலானவை கச்சர் என்று இந்தியில் சொல்லப்படும் அத்திரிகளே. மழை நனைத்த படி ஒன்றின் முன்னால் ஓர் அத்திரி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். அது தலையைத் தாழ்த்தி, கல்லை மோந்து பார்த்து, முன்னங்கால் ஒன்றை வைத்து அழுத்தி, மீண்டும் எடுத்து, ஒரு சாண் தள்ளி வைத்து அதன் பிறகே ஏறியது. ஓட்டி வந்த இளைஞன் அடிக்கவில்லை. என்னைப் பார்த்து "சோச் ரஹா ஹை, பாய்சாப்" என்றான். யோசிக்கிறான், அண்ணே என்று பொருள். பிடிவாதம் என்று உலகம் பெயர் வைத்திருப்பதை அவன் யோசனை என்று அழைத்தான். தனக்குத் தீங்கு வரும் என்று பட்டால் குதிரை மிரண்டு ஓடும். அத்திரி நின்று பார்க்கும். மலைப்பாதையில் மனிதரின் உயிரைக் காப்பது அந்த நிற்றல்தான்.

அதே விலங்கின் சேணத்தைத் தளர்த்தியபோது முதுகுத் தண்டின் இருபுறமும் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் வெளுத்து, தோல் தடித்துக் காய்த்திருந்தது. வார் உராயும் இடத்தில் ஆறிய புண்ணின் மேல் புதுப் புண் கிளம்பியிருந்தது. மிளகு சுமந்த கழுதையைப் பெரும்பாணாற்றுப்படை "வடுவாழ் நோன்புறத்து" என்று வருணிக்கிறது: தழும்புகள் நீங்காமல் குடியிருக்கும் வலிய முதுகு. அந்தச் சொற்கள் அங்கே என் கண்முன் நின்றன. அவ்வழியில் விலங்குகள் அளவுக்கு மீறி ஓட்டப்படுவதும், களைத்து விழுந்து சாவதும் 2022-இன் யாத்திரைப் பருவத்தில் பெரும் செய்தியாகி, அரசும் நீதிமன்றமும் தலையிடும் நிலை வந்தது. பாதையில் வெந்நீரும் ஓய்வுக்கூரையும் மருத்துவரும் வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அன்று. தானாகப் பிறக்க முடியாத ஒன்றை நம் வேலைக்காகப் பிறப்பித்திருக்கிறோம். காட்டு விலங்குக்கோ தன் மந்தையில் தானே பெருகும் ஆட்டுக்கோ நாம் பட்டிருக்கும் கடமையைவிட, இதற்குப் பட்டிருக்கும் கடமை மிகுதி என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தியாவில் 2012-இன் கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.96 இலட்சமாக இருந்த அத்திரிகள் 2019-இன் கணக்கெடுப்பில் 84,000 அளவுக்குக் குறைந்துவிட்டன. கழுதைகள் 1.2 இலட்சமாகச் சுருங்கிவிட்டன. செங்கல் சூளைகளிலும் மலைப்பாதைகளிலும் வண்டிகள் வந்துவிட்டதை இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அடியும் புண்ணும் பட்டுப் பிறப்பதைவிடப் பிறக்காமல் இருப்பது அவ்விலங்குக்கு நல்லது. ஆனால் இன்னும் பிறந்துகொண்டிருப்பவற்றைச் சரியான பெயரால் அழைக்கவாவது நாம் கற்க வேண்டும்.

கோவேறு கழுதை என்ற பெயரை நான் வெறுக்கவில்லை. அரசன் ஏறும் கழுதை என்று அது பொருள்படுவதில் ஒரு பெருமிதம் உண்டு. தாவீது அரசன் தன் மகன் சாலொமோனைத் தன்னுடைய கோவேறு கழுதையின் மேல் ஏற்றி முடிசூட்ட அனுப்புவதாகத் தமிழ் வேதாகமத்தில் வாசிக்கும்போது, அந்தச் சொல் தனக்குரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அரசர்கள் போய்விட்டார்கள்; கழுதை என்ற பகுதி மட்டும் நம் காதில் விழுகிறது, அதுவும் வசவாகவே விழுகிறது. சுமந்து பெற்றுப் பாலூட்டிய குதிரைத் தாய்க்கு அப்பெயரில் இடமே இல்லை. அத்திரி என்னும் சொல் இவ்விலங்கைக் கழுதையின் வகையாகவோ குதிரையின் வகையாகவோ காட்டாமல் தனி விலங்காகவே நிறுத்துகிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமையும் அதற்கு உண்டு, சொல்வதற்கும் எளிது.

ஆகவே கலப்பினம் இரண்டுக்கும் பொதுப்பெயராக அத்திரி என்றும், பெண் குதிரை ஈன்றதைக் குதிரைத்தாய் அத்திரி என்றும், பெட்டைக் கழுதை ஈன்றதைக் கழுதைத்தாய் அத்திரி என்றும் இனி எழுதப் போகிறேன். உயிரியல் பாடநூல் எழுதுவோரும் இவ்வாறு பிரித்துக் காட்டினால், எந்தப் பக்கம் எது தாய் என்று மாணவர்கள் குழம்ப வேண்டியிராது. மலையோரங்களில் பொதிவிலங்கு வைத்திருப்பவர்களிடம் இரண்டாவது வகைக்கு இதைவிட இயல்பான பெயர் ஏதேனும் வழங்கி வந்தால், என்னுடையதை விட்டுவிட்டு அதையே மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வேன்.